பாலும் சோயாவும் ஆகாத பாப்பா, எனக்கு வந்த பத்திய சாப்பாடு

ஆதம்பாக்கத்துல ஒரு அக்கா வீட்ல இருந்தே பிள்ளை பெத்தவங்களுக்கு பத்திய சாப்பாடு சமைச்சு அனுப்பறாங்க, ரெண்டு மாசம் டெய்லி மதியம் அங்கதான் வாங்கினேன், என்னை மாதிரி தவிக்கிற அம்மா யாருக்காவது உதவும்னு எழுதறேன்.

பாப்பாவுக்கு ஆறாவது வாரம் மோஷன்ல சளி சளியா வந்துச்சு, அதுல நூல் மாதிரி ரத்தம். டயப்பரை கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். டாக்டர் பாத்துட்டு, நீங்க சாப்பிடற பால்ல இருக்கற புரோட்டீன் கொஞ்சம் தாய்ப்பால்ல வருது, அது அவளுக்கு ஒத்துக்கல, சோயாவும் சேத்து நிறுத்துங்க, ஆனா தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்கன்னு சொன்னார். அத்தை ஆட்டுப்பால் குடிக்கலாமேன்னாங்க, அதுலயும் கிட்டத்தட்ட அதே புரோட்டீன்தானாம். லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரையை எடுத்த பாலும் உதவாது, ஏன்னா இங்க பிரச்சனை சர்க்கரை இல்ல, புரோட்டீன்.

இப்ப யோசிச்சு பாருங்க, நம்ம ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு என்ன குடுப்பாங்க? பூண்டு பால், நெய் ஊத்தின லேகியம், பால்ல கலக்கி குடிக்கற சத்து மாவு. பால் நல்லா ஊறும்னு சொந்தக்காரங்க வாங்கிட்டு வந்த பவுடர் டப்பாவை திருப்பி பாத்தா பால் பவுடர், சோயா புரோட்டீன் ரெண்டும் இருக்கு. பிரெட், பிஸ்கட்ல எல்லாம் சோயா லெசித்தின், சில பாக்கெட்ல லெசித்தினுக்கு பதிலா 322னு வெறும் நம்பர் மட்டும் போட்டிருக்கும். மூணு நாள் வெறும் ரசம் சாதம்தான் சாப்பிட்டேன், எதைத் தொடவும் பயம்.

அந்த அக்காகிட்ட போன் பண்ணி சொன்னதும் முடியாதுன்னு சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். ஆனா அவங்க வீடியோ கால்ல வந்து, கண்ணாடியை போட்டுக்கிட்டு கிச்சன்ல இருக்கற ஒவ்வொரு பாக்கெட்டா கேமரா முன்னாடி காட்டி "இதுல என்னம்மா போட்டிருக்கு, நீயே படி"ன்னாங்க. ரீஃபைண்ட் ஆயில்ல சோயா கலந்திருந்துச்சு, அதனால எனக்கு மட்டும் தனியா செக்கு நல்லெண்ணெய்.

சாப்பாடு பத்தி சொல்லணும்னா பூண்டு குழம்புதான் முதல்ல, சின்ன வெங்காயமும் பூண்டும் எண்ணெய்ல சுருள வதங்கி, புளி கம்மியா, மிளகு காரம் தொண்டையில நிக்கும். முருங்கைக்கீரை பொரியல் வாரத்துல மூணு நாள். சனிக்கிழமை பால் சுறா புட்டு, பேர்ல மட்டும்தான் பால், அது மீன். பூண்டை தேங்காய்ப்பால்ல குழைய வேக வச்சு பனங்கல்கண்டு போட்டு ஒரு குட்டி பாட்டில்ல அனுப்புவாங்க, அதைத் திறக்கும்போது வர்ற வாசனைக்கே அழுதிருக்கேன், எங்க அம்மா இருந்திருந்தா இப்படித்தான் செஞ்சிருப்பாங்க.

கால்சியம்தான் பெரிய கவலை. பால் குடுக்கற அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்லுது. கேழ்வரகு 100 கிராம்ல 364 மில்லிகிராம் இருக்கு, அதனால கூழ்ல மோருக்கு பதிலா தேங்காய்ப்பால் ஊத்தி குடுத்தாங்க, கூட எள்ளு துவையல், நெத்திலி கருவாடு. ஆனா இது மட்டும் போதாது, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையும் விடாம போட்டேன்.

குறையும் சொல்லிடறேன். மூணாவது வாரம் சாதத்தோட ரெண்டு மோர் மிளகாய் வந்துச்சு, அவங்களுக்கும் தோணல, நானும் பசியில யோசிக்காம கடிச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் டயப்பர்ல ரத்தம். போன் பண்ணினப்ப அக்கா ஒரு வார்த்தை சாக்கு சொல்லல, அன்னைக்கு சாயந்திரமே எனக்குன்னு புது வாணலி, தனி கரண்டி வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு தப்பும் நடக்கல, பத்து நாள்ல மோஷன் பழையபடி மஞ்சளா ஆயிடுச்சு.

ஒரு சாப்பாடு 180 ரூபா, தினமும் வாங்கறதுக்கு அதிகம்தான், எனக்கு அது தேவைப்பட்டுச்சு. பன்னெண்டரைக்கு வரணும், சில நாள் ஒன்றரை ஆயிடும், பால் குடுக்கறவங்களுக்கு அந்தப் பசி தாங்காது, அதை மட்டும் அவங்க சரி பண்ணணும்.

நீங்க எங்க ஆர்டர் பண்ணினாலும் "பால் வேண்டாம்"னு மட்டும் சொல்லாதீங்க. நெய், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், மோர் வத்தல், மீல் மேக்கர், சோயா சாஸ்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லி எழுதி அனுப்புங்க, ஏன்னா நம்ம வீடுகள்ல நெய்யை யாரும் பால் கணக்குல சேக்கறதில்ல.