லிபர்ட்டி கப்பலின் எஞ்சின் அறையில் பத்து வருஷம்

சான் பிரான்சிஸ்கோ துறையில் நிற்கும் ஜெரமையா ஓ'பிரையன் என்ற பழைய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலில், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை என்ற கணக்கில், தன்னார்வலராக வேலை செய்ய ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன் பதினான்கு வருஷம் டீசல் கப்பல்களில் எஞ்சினியராக ஓடியவன் நான். 1943-இல் கட்டிய நீராவிக் கப்பல் எனக்குப் புதிதாக என்ன சொல்லிக் கொடுத்துவிடும் என்ற நினைப்போடுதான் முதல் நாள் ஏணியில் இறங்கினேன். அன்று சாயங்காலமே அந்த நினைப்பு போய்விட்டது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. எல்லாம் ஒரே வரைபடம்: 441 அடி நீளம், பத்தாயிரம் டன்னுக்கு மேல் சுமை, மணிக்கு 11 கடல் மைல் வேகம். ஐந்து வருஷம் உழைத்தால் போதும் என்று நினைத்துக் கட்டியவை. அவற்றில் இன்றும் சொந்த எஞ்சினில் ஓடக்கூடியவை இரண்டுதான். ஒன்று இது, இன்னொன்று பால்டிமோரில் இருக்கும் ஜான் டபிள்யூ. பிரவுன்.

முதலில் எஞ்சினைச் சொல்லிவிடுகிறேன். 140 டன் எடை, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். பெயர் மும்முறை விரிவு எஞ்சின். தேங்காய்ப்பால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பால் கெட்டி, இரண்டாவது அதைவிட இளசு, மூன்றாவது நீர்த்தது. ஆனாலும் ஒன்றையும் வீணாக்குவதில்லை. இங்கேயும் அதே கதைதான். பாய்லரிலிருந்து சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டு அழுத்தத்தில் வரும் நீராவி முதலில் 24½ அங்குல விட்டமுள்ள சிலிண்டருக்குள் போகிறது. அங்கே வேலை செய்து சற்றுத் தளர்ந்ததும் 37 அங்குல சிலிண்டர். கடைசியில், அழுத்தமெல்லாம் போய்ப் பருமன் மட்டும் மிஞ்சியிருக்கும்போது 70 அங்குல சிலிண்டர். நீராவி இளைக்க இளைக்க அதற்குக் கொடுக்கும் அறை பெரிதாகிறது. டீசலில் எல்லாம் இரும்பு மூடிக்குள் நடக்கும், நாம் பார்ப்பது மீட்டரைத்தான். இதில் பிஸ்டன் தண்டும், அதன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கும் திறந்த வெளியில், கண்ணெதிரே, நான்கடி மேலும் கீழுமாகப் போய் வருகின்றன.

திறந்திருப்பதால் கையால் தொட்டுப் பார்க்கவும் முடியும். தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கிராங்க் சுழலும்போது அதைத் தாங்கும் பேரிங் சூடாகிறதா என்று, எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேன் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கப்பலின் வெப்பமானி. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 76 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு விநாடிகூடக் கிடையாது. எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் பதினெட்டு வயதில் இதே வகைக் கப்பலில் போருக்குப் போனவர். நான் சேர்ந்தபோது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். "கையை வைத்துக்கொண்டு துரத்தாதே. நில். அது உன்னிடம் வரும்" என்றார். முதல் மூன்று மாதம், துறையில் கட்டியபடியே எஞ்சினை மெதுவாக ஓட்டும் நாட்களில் மட்டும்தான் என்னைத் தொட விட்டார். அப்புறம் ஒருநாள், கப்பல் வளைகுடாவுக்குள் போய்க்கொண்டிருந்தபோது, தலையை மட்டும் அசைத்தார். நீட்டினேன். உள்ளங்கையில் எண்ணெயோடு ஒரு தட்டு விழுந்தது, இளஞ்சூடாக. கை தன் இடத்திலேயே இருந்தது. பதினான்கு வருஷக் கப்பல் வாழ்க்கையில் ஒரு எஞ்சின் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

இந்த எஞ்சின் 1941-இலேயே பழசு. டர்பைனும் டீசலும் வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஆனால் டர்பைனுக்கு வேண்டிய பற்சக்கரம் வெட்டும் பட்டறைகள் எல்லாம் போர்க்கப்பலுக்குப் போய்விட்டன. சாதாரண வார்ப்பாலைகளில் செய்யக்கூடியது, பழுதானால் எந்தத் துறைமுகத்திலும் சரிசெய்யக்கூடியது, புது ஆள் சில வாரத்தில் பழகக்கூடியது இந்தப் பழைய வகைதான். வரைபடத்தின் மூலமும் பிரிட்டனிலிருந்து வந்தது. சண்டர்லேண்டைச் சேர்ந்த தாம்சன் கப்பல் கட்டும் நிறுவனத்தின் சிரில் தாம்சன் 1940-இல் அதை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போய், பிரிட்டனுக்காக 60 கப்பல்கள் கட்டித் தரச் சொன்னார். அதைத் திருத்தி அமெரிக்கா தனக்காகக் கட்டியதுதான் லிபர்ட்டி. இதைப் பிற்போக்கான தேர்வு என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எஞ்சினோடு பத்து வருஷம் பழகியவனாகச் சொல்கிறேன்: கடலையே பார்க்காத பண்ணை வீட்டுப் பையனை நம்பி ஒப்படைக்கக்கூடிய எஞ்சினாகத் தேடித்தான் இதைப் பிடித்திருக்கிறார்கள். அதைவிடச் சரியான தேர்வு இருந்திருக்க முடியாது.

கட்டியவர்களும் அப்படித்தான். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ரிச்மண்டில் தொழிலதிபர் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் யார்டுகள் இருந்தன. அங்கே வெல்டிங் டார்ச்சைப் பிடித்த ஆயிரக்கணக்கான பெண்கள் அதற்கு முன் கப்பலைத் தொட்டவர்கள் இல்லை. 1942 நவம்பரில் ராபர்ட் இ. பியரி என்ற கப்பலை, அடிப்பகுதியின் முதல் துண்டை வைத்ததிலிருந்து நான்கு நாள் பதினைந்தரை மணி நேரத்தில் தண்ணீரில் இறக்கினார்கள். முன்கூட்டியே பெரிய பெரிய துண்டுகளாகச் செய்து வைத்து, விளம்பரத்துக்காகச் செய்த ஓட்டம் அது. இருந்தாலும் அந்தக் கப்பல் 1963 வரை இருந்தது. சராசரியாக ஒரு கப்பலுக்கு 42 நாள் ஆனது. எங்கள் கப்பல் மெயின் மாநிலத்தில் கட்டியது, 1943 ஜூன் 19-இல் தண்ணீரில் இறங்கியது.

குறையையும் சொல்ல வேண்டும். அந்த அவசரத்துக்கு விலை இருந்தது. தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த உடலில் விரிசல் விட்டால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங்கில் முழு உடலும் ஒரே தகடு. ஓரத்தில் கத்தரி வைத்துவிட்டால் வேட்டி எப்படி நேராகக் கிழிந்துகொண்டே போகும், அப்படிப் போய்விடும். 1943 நவம்பரில் அலாஸ்கா பக்கக் கடலில் ஜான் பி. கெய்ன்ஸ் என்ற லிபர்ட்டி இரண்டாக உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். வெல்டர்கள் மேல் பழி விழுந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற விஞ்ஞானி சோதித்துப் பார்த்து, இரும்பிலேயே கோளாறு இருப்பதைக் காட்டினார். அந்த வகை எஃகு, குளிர்ந்த கடலில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது. சரக்கு அறை வாயில்களின் சதுர மூலைகளில் அழுத்தம் குவிந்து, விரிசல் அங்கேதான் பிறக்கிறது. சுற்றிப் பார்க்க வருபவர்களை நான் முதலில் கூட்டிப்போவது மேல்தளத்தில் அந்த மூலைக்குத்தான். குனிந்து விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

கப்பல்களுக்கு மனிதர்கள் பெயரை வைத்தார்கள், உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது என்பது விதி. அந்த விதி ஒருமுறை தவறியது. எனக்கு மனதை மிகவும் தொட்ட கதை அது. 1944 ஜூலை 2 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஜீன் நிக்கோலே என்ற லிபர்ட்டியை ஜப்பானின் ஐ-8 நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. படகுகளில் இறங்கியவர்களைப் பிடித்து, நீர்மூழ்கியின் மேல்தளத்தில் கையைக் கட்டி உட்காரவைத்து, அடித்தும் குத்தியும் பலரைக் கொன்றார்கள். விமானம் வரும் சத்தம் கேட்டதும், கட்டிய கைகளோடு மிச்சப் பேரை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிவிட்டது நீர்மூழ்கி. சுமார் நூறு பேரில் கால்வாசிப் பேர்தான் தப்பினார்கள். ஹோக்ஸா என்ற கப்பல் அவர்களைத் தூக்கியது. ஜீன் நிக்கோலேயில் பயணம் செய்த பிரான்சிஸ் ஓ'கேரா என்பவர் இறந்துவிட்டதாக நினைத்து, ஒரு புதுக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். போர் முடிந்ததும் ஜப்பானியச் சிறை முகாமில் உயிரோடு கிடைத்தார். கொழும்புக்கு அதே கடல்வழியில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இரவுக் காவலில், சுற்றிலும் ஒரு விளக்குகூட இல்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போது இது எனக்குத் தெரியாது.

எங்கள் கப்பல் 1944-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சின் நார்மண்டிக் கரைக்கும் இடையே 11 தடவை போய் வந்தது. போருக்குப் பின் 33 வருஷம் சுசூன் வளைகுடாவில் நங்கூரத்தில் கிடந்தது. ரியர் அட்மிரல் தாமஸ் பேட்டர்சன் அதை உடைக்க விடாமல் காப்பாற்றினார். 1979 அக்டோபரில் பாய்லரைப் பற்றவைத்து, இழுவைப் படகு கட்டி இழுக்காமல், சொந்த எஞ்சினில் வெளியே வந்தது. 1994-இல், பெரும்பாலும் எழுபது வயதைத் தொட்ட பழைய மாலுமிகள் அதை பனாமா வழியாக நார்மண்டிக்கே ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். 2020 மே மாதம் பக்கத்துத் துறைக் கிடங்கு தீப்பிடித்தபோது, தீயணைப்புப் படகு நடுவில் வந்து தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றதால் பிழைத்தது. அன்று காலை செய்தியைப் பார்த்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, போக நினைப்பவர்களுக்கு. எஞ்சின் ஓடும் நாளாகப் பார்த்துப் போங்கள், நின்றிருக்கும் எஞ்சினைப் பார்ப்பதில் பாதிகூடக் கிடைக்காது. ஏணிகள் செங்குத்தானவை, முட்டி வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நின்றுகொள்ளலாம். கீழே சூடு அதிகம், பருத்திச் சட்டை, பிடிமானமுள்ள ஷூ. ஆவியும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை துணியை விட்டு இரண்டு துவையலுக்குப் போகாது.

எனக்குக் கற்றுக் கொடுத்தவர் இப்போது இல்லை. போன வருஷம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். மூன்று மாதம் கழித்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவளைப் பார்த்துத் தலையை அசைத்தேன். நீட்டினாள். கிராங்க் வந்து தட்டிவிட்டுப் போனது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது, புருவத்தை உயர்த்திக் கேட்டேன். எண்ணெய் வழியும் உள்ளங்கையை எனக்குக் காட்டி, சூடு இல்லை என்று தலையாட்டினாள்.