ரப்பரா, கிம்பலா, மென்பொருளா? ஆர்.சி. விமானத்தில் கேமரா ஆடாமல் இருக்க

ரிமோட்டில் ஓட்டும் ஆர்.சி. விமானத்தில் கட்டிய கேமரா இரண்டு விதமாக ஆடும். மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் கிளப்பும் பொடி அதிர்வு ஒன்று. காற்று இறக்கையைத் தூக்கிப் போடும் பெரிய ஆட்டம் மற்றொன்று. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தம்பிகள் "எந்த கிம்பல் வாங்கலாம்ணா?" என்று கேட்டால், "உன் வீடியோவைக் காட்டு, எந்த ஆட்டம்னு முதல்ல பார்ப்போம்" என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் மருந்து வேறு. (கிம்பல் என்பது விமானம் சாய்ந்தாலும் கேமராவை மோட்டாரால் நேராகப் பிடித்துவைக்கும் தாங்கி.)

பொடி அதிர்வுக்கு, அதை உள்வாங்கும் ரப்பர் உருண்டையான டாம்பர்தான். 9,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) சுழலும் ப்ரொப்பெல்லரில் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் விநாடிக்கு 150 தடவை உலுக்கும். கேமரா சென்சார் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வருவதற்குள் கேமரா நகர்ந்துவிடுவதால் மின்கம்பம்கூடப் பாம்பாக நெளியும். இதைத்தான் ஜெல்லோ என்கிறோம். கிம்பல் மோட்டார் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, மென்பொருளும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

ஆனால் எந்த ரப்பரும் ஆகாது. ரப்பரும் அதில் தொங்கும் கேமராவும் சேர்ந்த அமைப்புக்கு ஒரு சொந்த அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம். அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வைத்தான் ரப்பர் குறைக்கும். அந்தச் சொந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே வந்தால் குறைப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். பெரிய கேமராவுக்கு வார்த்த கெட்டி ரப்பர் உருண்டைகளில் 30 கிராம் கேமராவைத் தொங்கவிட்டால் நடப்பது இதுதான். மெத்தென்ற உருண்டை மாட்டுங்கள். அல்லது கேமரா தட்டிலேயே பேட்டரியையும் கட்டி எடையைக் கூட்டுங்கள். எடை கூடினால் சொந்த அதிர்வெண் இறங்கும், விமானத்தின் மொத்த எடையோ மாறாது. ரப்பர் பிய்ந்தால் கேமரா கீழே விழாமல் இருக்க ஒரு தங்கூசி நரம்பைத் தொய்வாகக் கட்டிவையுங்கள். காசிமேட்டில் கிடைக்காத நரம்பா?

பெரிய ஆட்டத்துக்குத்தான் கிம்பலும் மென்பொருளும் போட்டி போடுகின்றன. சர்வோ என்ற பற்சக்கர மோட்டாரில் ஓடும் கிம்பலை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சாதாரண சர்வோவுக்கு விநாடிக்கு 50 முறைதான் கட்டளை போகும், பற்சக்கரத்தில் தொளதொளப்பும் உண்டு. படம் வெட்டி வெட்டி நகரும்.

பிரஷ்லெஸ் கிம்பலில் பற்சக்கரமே இல்லை, மோட்டார் நேரடியாகக் கேமராவைப் பிடித்துக்கொள்ளும். ட்ரோனில் அது அருமையாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு இறக்கை விமானத்திலும் அப்படியே செய்யும் என்று வாங்குகிறார்கள். அங்கேதான் சிக்கல். கீழ் எது என்பதை கிம்பல் ஆக்ஸிலரோமீட்டரை (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) வைத்து அறிகிறது. விமானம் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 30 மீட்டர் ஆர வட்டம் அடித்தால் இறக்கை சுமார் 37 டிகிரி சாயும். அந்தத் திருப்பத்தில் ஆக்ஸிலரோமீட்டருக்கு விமானத்தின் அடிப்பக்கம்தான் 'கீழ்'. ஒரே வட்டத்தைத் தொடர்ந்து அடிக்க அடிக்க அடிவானம் மெல்லச் சரியும். சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவை அதிகமாக நம்பும்படி அமைப்பை மாற்றலாம். விமானத்தை நிலைநிறுத்தும் கணினியான ஃப்ளைட் கன்ட்ரோலர் ஜி.பி.எஸ். வேகத்தை வைத்துத் திருத்திய சாய்வுக் கோணத்தை கிம்பலுக்குக் கொடுக்கலாம். இரண்டையும் செய்யாமல் கிம்பலைக் குறை சொல்லக்கூடாது.

எடையையும் பாருங்கள். 1 கிலோ ஃபோம் விமானத்தில் 200 கிராம் கிம்பல் ஏறினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும், இறங்கும்போது அது தெரியும். நம் கடலோரத்து உப்புக்காற்று அதன் பேரிங்கையும் சும்மா விடாது.

மென்பொருளுக்கு எடையே இல்லை. 2018-ல் வந்த கோப்ரோ ஹீரோ7 பிளாக் முதல் கேமராவுக்குள்ளேயே ஆட்டத்தைத் திருத்தும் ஹைப்பர்ஸ்மூத் இருக்கிறது. கேமரா பதிவுசெய்த ஜைரோ தகவலை வைத்து வீட்டில் உட்கார்ந்து திருத்த ஜைரோஃப்ளோ இருக்கிறது, அது இலவசம். விலை என்னவென்றால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும். மெதுவான ஷட்டரில் விழுந்த இழுப்பை எந்த மென்பொருளும் அழிக்காது, நிலையான படத்தில் அந்த மங்கல் மட்டும் விட்டுவிட்டு வரும். அதனால் வெளிச்சத்தைக் குறைத்து ஷட்டரை மெதுவாக்கும் என்.டி. ஃபில்டர் கிம்பலுக்கு நண்பன், மென்பொருளுக்குப் பகை.

ஆகவே மீஞ்சூரைத் தாண்டி, பொன்னேரிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில், நல்ல வெயிலில் சின்னக் கேமராவோடு பறப்பவருக்கு என் வாக்கு மெத்தென்ற ரப்பருக்கும் மென்பொருளுக்கும்தான். மாலை மங்கிய வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், அல்லது தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் என்றால் மட்டும் கிம்பல். எதுவானாலும் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் விமானத்தை எடுக்காதீர்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை எல்லாம் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. ப்ரொப்பெல்லரை பேலன்ஸரில் வைத்து, லேசான இதழின் பின்பக்கம் துண்டு டேப் ஒட்டிச் சமன் செய்யுங்கள். பிறகு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்க, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) மெல்ல ஏற்றிக்கொண்டே வீடியோ எடுங்கள். ஒரு குறிப்பிட்ட த்ராட்டிலில் மட்டும் நெளிந்தால் ரப்பரை மாற்றுங்கள். எல்லா த்ராட்டிலிலும் நெளிந்தால் ப்ரொப்பெல்லரையும் மோட்டார் ஷாஃப்டையும் பாருங்கள்.