மூடிய மில்: இடிப்பதா, கூரையைச் சரிசெய்வதா?

சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக் கிடந்த எங்கள் நூல் மில்லை என்ன செய்வது என்று வீட்டில் ஒன்றரை வருஷம் பேசி, கடைசியில் இடிக்காமல் ஷெட்டையே வைத்துக்கொண்டோம். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக இது.

இடித்து அபார்ட்மெண்ட் கட்டினால் பணம் சீக்கிரம் கைக்கு வரும், சந்தேகமே இல்லை. மும்பையில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடிய மில்கள் பலவும் அப்படித்தான் போயின. அங்கே 1991 விதிப்படி மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, இன்னொரு பங்கு அரசு கட்டும் குடியிருப்புக்கு. 2001இல் அந்தக் கணக்கு காலி இடத்துக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள், ஊருக்குக் கிடைத்தது சுருங்கிவிட்டது. எனக்கு இன்னும் வருத்தம் தரும் விஷயம் இது.

எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்புச் செலவுதான். புதுக் கட்டடம் என்றால் லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசி என்று சதுர அடிக்கு இவ்வளவு என மாதாமாதம் வாங்கியே ஆக வேண்டும், அதை எங்களிடம் வாடகைக்கு இருக்கும் தையல் வகுப்பு அக்காவால் கொடுக்க முடியாது, படிப்பகத்தாலும் முடியாது. ஷெட்டில் அந்தச் செலவே இல்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரை, கண்ணாடியெல்லாம் வடக்கே பார்த்து இருக்கும், பகலில் லைட் வேண்டாம். ஜூனில் மட்டும் உச்சிவேளையில் தரையில் மெல்லிய கோடாக வெயில் விழும்.

செலவெல்லாம் கூரையில்தான். இரண்டு சரிவும் சேரும் பள்ளத்தில் ஓடும் தகர வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் நேராகத் தூண் அடிக்கு இறங்கும். நான் ஏறிப் பார்த்தபோது, மில் நின்று பத்து வருஷம் ஆகியும் பஞ்சு நனைந்து காய்ந்து அட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. இப்போது வைகாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை ஆள் விட்டு எடுக்கிறோம், தள்ளிப்போடுவதே இல்லை. அப்புறம், ஸ்பின்னிங் ஷெட்டின் தரைக்கு அடியில் காற்றுப் போகும் குழி இருந்தால் திறந்து பாருங்கள். அங்கே தங்கிய பஞ்சுத் தூசி சட்டென்று தீப்பிடிக்கும்.

வாடகைக்கு ஒரு உறுதியான ஆள் வேண்டும். இங்கிலாந்தில் சால்டெய்ர் ஊரின் சால்ட்ஸ் மில் 1986இல் மூடி, அடுத்த வருஷமே கைமாறி ஓவியக்கூடமானது, மின்னணு நிறுவனமும் அங்கே வாடகைக்கு வந்தது. நாங்கள் பாதி ஷெட்டை பனியன் குடோனுக்கு விட்டிருக்கிறோம், அதனால்தான் மீதியைக் குறைந்த வாடகைக்குத் தர முடிகிறது.

இதெல்லாம் இரண்டு மழைக்காலம் பார்த்த அனுபவம்தான். விற்கும் எண்ணம் இருந்தால் உங்கள் கணக்கு வேறு. எதுவானாலும் முடிவெடுக்கும் முன் அடைமழையில் ஷெட்டுக்குள் போய் நின்று, ஒழுகும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து வையுங்கள். எங்களுக்கு 31 இடம் வந்தது.