திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிய அனுபவம்

வேலை தேடியோ போட்டித் தேர்வுக்குப் படிக்கவோ சென்னைக்கு வரும் ஆண்களுக்கு, குறைந்த வாடகையில் தங்குமிடம் என்றதும் இன்றும் பலர் சொல்வது திருவல்லிக்கேணி மேன்ஷன்களைத்தான். பெல்ஸ் சாலையை ஒட்டிய சந்தொன்றில், மூன்றாம் மாடியில் சில ஆண்டுகள் தங்கியவன் என்ற முறையில், அங்கே அறை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இருவர் தங்கும் அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள், சுவரலமாரி, மின்விசிறி, நடைவழியைப் பார்த்த ஒரு சன்னல் ஆகியவை மட்டுமே இருந்தன. குளியலறையும் கழிப்பறையும் தளத்துக்குப் பொதுவானவை. அறையில் சமைக்கக் கூடாது. பெண்கள் எவரும் மாடியேற அனுமதியில்லை. ஊரிலிருந்து என் அம்மா வந்தபோதும் வாசலில் நின்றே பேசி அனுப்ப வேண்டியிருந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அறையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். எங்கள் கட்டடத்தின் ஆழ்குழாய் நீர் உப்புக் கரித்ததால், துவைத்த சட்டைகள் சில மாதங்களிலேயே மங்கிவிட்டன. 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, லாரி வந்தால்தான் குழாய் திறக்கும் என்ற நிலை ஏற்பட்டு, விடியுமுன்பே வாளிகளோடு வரிசையில் நின்றோம். தாக்குப்பிடிக்க முடியாத பலர் ஊருக்குத் திரும்பினர். எனவே அறை பார்க்கச் செல்பவர்கள் காலை ஏழு மணிக்குச் சென்று, குழாயில் நீர் வருகிறதா, குளியலறை வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை நேரில் பார்ப்பது நல்லது.

அடுத்த தொல்லை மூட்டைப்பூச்சி. உணவின்றியே மாதக்கணக்கில் உயிர்வாழக்கூடியது என்பதால், காலியாகக் கிடந்த அறை என்று நம்பிவிட முடியாது. மெத்தையின் தையலோரங்களையும் கட்டில் பொருத்துகளையும் பார்த்துவிட்டே பெட்டியை உள்ளே வைக்க வேண்டும். மொட்டைமாடிக்கு நேர்கீழான அறை வாடகை குறைவாகக் கிடைக்கும். மே மாதத்தில் அதில் தூங்க இயலாது.

இவ்வளவு குறைகளுக்கும் ஈடாக நான் கருதுவது அந்த இடத்தையும் அங்கே கிடைத்த மனிதர்களையும்தான். மெரினா நடை தூரத்தில் இருந்தது. 1995 முதல் ஓடும் பறக்கும் ரயிலுக்குச் சேப்பாக்கம் நிலையமும் அருகிலேயே இருந்தது. மெஸ்களில் டோக்கன் வாங்கி மலிவாகச் சாப்பிடலாம். பைகிராஃப்ட்ஸ் சாலையின் பழைய புத்தகக் கடைகளில் தேர்வு நூல்கள் பாதி விலைக்கே கிடைத்தன. பக்கத்து அறைக்காரர் தேர்வில் தேறிக் கிளம்பும்போது, தம் குறிப்பேடுகளை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தளத்தில் வழக்கமாக இருந்தது. அந்தக் குறிப்புகள் இல்லாமல் நான் தேறியிருக்க மாட்டேன்.

அறை பிடித்துப்போனால், முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், வெள்ளையடிக்கவென்று எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.