ஓப்பன்ஸ்டாக் அட்மின் ட்ரெய்னிங்: லேப் அருமை, செஃப் (Ceph) ஸ்டோரேஜ் பாதியிலயே நின்னுடுச்சு

எங்க இன்ஃப்ரா டீமுக்கு ஆஃபீஸ்ல ஓப்பன்ஸ்டாக் (நம்ம சொந்த சர்வர்கள்ல கிளவுட் கட்டி நடத்தற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) அட்மினிஸ்ட்ரேஷன் ட்ரெய்னிங் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, நேர்ல உக்கார வச்சு, பெரும்பாலும் லேப். முடிச்சதுல இருந்து எப்படி இருந்துச்சு, போகலாமான்னு தெரிஞ்சவங்க கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதிடறேன். கம்பெனி வழியா நடந்ததால நடத்தினவங்க பேரு போடலை, ஆனா இந்த மாதிரி கோர்ஸுக்கு காசு கட்டப் போறவங்க என்னென்ன பார்க்கணும்னு புரியற அளவுக்கு சொல்றேன்.

இப்போ ஏன் திடீர்னு எல்லாரும் ஓப்பன்ஸ்டாக் பக்கம் பார்க்கறாங்கன்னா, ஒரு சர்வர்ல பல விர்ச்சுவல் மெஷின் (விஎம்) ஓட்டற சாஃப்ட்வேர் விக்கற விஎம்வேர் கம்பெனியை 2023 நவம்பர்ல பிராட்காம் வாங்கினாங்க, அடுத்த மாசமே பெர்பெச்சுவல் (ஒரு தடவை வாங்கினா எப்பவும் செல்லற) லைசென்ஸ் விக்கறதை நிறுத்திட்டு எல்லாமே சப்ஸ்கிரிப்ஷன்னு மாத்திட்டாங்க, அதுல இருந்து மாற்று என்னன்னு தேடாத டேட்டா சென்டர் டீமே கம்மி. ஓப்பன்ஸ்டாக் ஒண்ணும் புதுசு இல்ல, 2010ல நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து ஆரம்பிச்சது, நாசா பக்கம் இருந்து விஎம் போடற நோவா வந்துச்சு, ராக்ஸ்பேஸ் பக்கம் இருந்து ஃபைல் சேமிக்கற ஸ்விஃப்ட். செர்ன்ங்கற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையத்துல 2013ல இருந்தே ப்ரொடக்‌ஷன்ல ஓடுது. அதனால தாங்குமான்னு கேள்வி இல்ல, அதை வச்சு மேய்க்கற ஆளு நம்மகிட்ட இருக்காங்களாங்கறதுதான் கேள்வி, அதுக்குத்தான் இந்த ட்ரெய்னிங்.

முதல் நாள் காலைல முழுக்க ஸ்லைடு. கீஸ்டோன் லாகின் பார்க்கும், கிளான்ஸ் இமேஜ் வச்சுக்கும், நோவா விஎம் போடும், நியூட்ரான் நெட்வொர்க், சிண்டர் டிஸ்க், ஹொரைசன் வெப் பேஜுன்னு ஒவ்வொண்ணா போச்சு. இதை ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கலாம், ஏன்னா மத்தியானம் கையால தொட ஆரம்பிச்சப்புறம்தான் எது எதுகிட்ட பேசுதுன்னு எல்லாருக்கும் பிடிபட்டுச்சு.

இன்ஸ்டால் பண்ண கோல்லா ஆன்சிபிள்ங்கற டூலை எடுத்தாங்க, இது நல்ல முடிவு. நிறைய இடத்துல டெவ்ஸ்டாக்ங்கற இன்னொரு இன்ஸ்டால் டூலை போட்டு காமிச்சுட்டு ட்ரெய்னிங்னு சொல்லிடறாங்க, டெவ்ஸ்டாக் டெவலப்பருக்கானது, ப்ரொடக்‌ஷன்ல யாரும் அதை வச்சு ஓட்ட மாட்டாங்க, அதுல பழகி வந்தா வேலைக்கு உதவாது. கோல்லால ஒவ்வொரு சர்வீஸும் ஒரு டாக்கர் கன்டெய்னர், குளோபல்ஸ் ஃபைல்ல நமக்கு வேணுங்கறதை எழுதி, பூட்ஸ்ட்ராப், ப்ரீசெக், டிப்ளாய்னு வரிசையா ஓட்டணும். ரெண்டு நெட்வொர்க் கார்டு ஏன் கேக்குது, அதுல வெளி நெட்வொர்க்குக்கு போற கார்டுல ஏன் ஐபி இருக்கக்கூடாதுன்னு ட்ரெய்னர் சார் போர்டுல படம் போட்டு சொன்னார், அந்த ஒரு படத்துக்கே ஒரு கும்பிடு போடலாம். அது புரியாம ஃப்ளோட்டிங் ஐபி (வெளில இருந்து விஎம்மை தொட கொடுக்கற ஐபி) வேலை செய்யலைன்னு நாள் கணக்கா சுத்தறவங்களை நான் பார்த்திருக்கேன்.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்த ட்ரெய்னிங்கை நான் சிபாரிசு பண்றதுக்கு ஒரே காரணம், சார் டெய்லி லஞ்ச் டைம்ல எல்லாருடைய கிளஸ்டர்லயும் (அவங்கவங்க கட்டின ஓப்பன்ஸ்டாக் செட்டப்) எதையாவது உடைச்சு வச்சுடுவார். திரும்பி வந்து உக்காந்தா ஏதோ ஒண்ணு ஓடாது, என்ன பண்ணினார்னு சொல்லவே மாட்டார், லாக் பார்த்து நாமளே கண்டுபிடிக்கணும். இன்ஸ்டால் பண்றது யார் வேணா டாகுமென்ட் பார்த்து பண்ணிடலாம், அட்மின் வேலைங்கறது இந்த உடைஞ்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்கறதுதான்.

ஒரு நாள் பார்த்தா விஎம் நல்லா வருது, பிங் போகுது, ஆனா எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) அடிச்சா பாதியில தொங்குது. கன்சோல் வழியா உள்ள போய் ஏதாவது டவுன்லோட் பண்ணினா அதுவும் தொடங்கிட்டு அப்படியே நிக்குது. எல்லாரும் விஎம்மோட ஃபயர்வாலான செக்யூரிட்டி க்ரூப்தான்னு அதையே நோண்டிட்டு இருந்தோம், பக்கத்துல இருந்தவர் ரூட்டர் நேம்ஸ்பேஸ் (ரூட்டருக்குன்னு லினக்ஸ்ல இருக்கற தனி நெட்வொர்க்) உள்ள போய் டிசிபி டம்ப் போட்டு பாக்கெட்டை பார்த்துட்டார், சின்ன பாக்கெட் எல்லாம் போய் வருது, பெருசு மட்டும் போனது போனதுதான், பதிலே இல்ல. அப்புறம் சார், "பிங்கோட சைஸை மாத்திப் பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். பாக்கெட்டை துண்டு போடக்கூடாதுன்னு ஆப்ஷன் கொடுத்து 1422 பைட் அனுப்பினா போகுது, 1472 அனுப்பினா போகலை. அங்கதான் பொறி தட்டுச்சு. விஎக்ஸ்லேன் (விஎம் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள வச்சு அனுப்பற முறை) தன் ஹெடருக்குன்னு 50 பைட் எடுத்துக்கும், கீழ இருக்கற நெட்வொர்க் 1500னா விஎம்முக்கு 1450தான் கிடைக்கணும், அதுல ஐபி, ஐசிஎம்பி ஹெடர் 28 போனா 1422, கணக்கு அப்படியே உக்காருது. சார் நியூட்ரான் கான்ஃபிக்ல கீழ இருக்கற நெட்வொர்க் எம்டியூவை (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1550ன்னு பொய் சொல்லி வச்சிட்டு புது நெட்வொர்க் உருவாக்கியிருக்கார், அதனால விஎம் தனக்கு 1500 இருக்குன்னு நம்பிட்டு பெரிய பாக்கெட்டா அனுப்புது, நிஜமான கார்டுல அது அடங்காம விழுந்துடுது. இந்த ஒரு மத்தியானம் போதும் சார், இனிமே வாழ்க்கைல "பிங் போகுது ஆனா" அப்படின்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்கு எம்டியூதான் முதல்ல ஞாபகம் வரும்.

இன்னொண்ணு, புது கம்ப்யூட் நோடு (விஎம் ஓடற சர்வர்) கையால சேர்த்தது. சர்வீஸ் லிஸ்ட்ல அப்னு காட்டுது, ஆனா ஹைப்பர்வைசர் லிஸ்ட்ல காணோம், விஎம்மும் அது மேல போகவே மாட்டேங்குது. மத்த நோடு எல்லாம் டிசேபிள் பண்ணிட்டு போட்டா "நோ வேலிட் ஹோஸ்ட் வாஸ் ஃபவுண்ட்"னு எர்ரர். ஓப்பன்ஸ்டாக்ல இந்த எர்ரருக்கு ஆயிரம் காரணம் இருக்கும், மெசேஜை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அந்த ரிக்வெஸ்ட் ஐடி எடுத்து ஷெட்யூலர் (விஎம் எந்த நோடுக்குன்னு முடிவு பண்றது), கண்டக்டர் (நோவாக்குள்ள வேலையை கைமாத்தி விடறது) லாக் ரெண்டுலயும் தேடணும்னு அன்னிக்கு பழக்கினார். கடைசில பார்த்தா புது நோடை செல்லோட (நோவா நோடுகளை பிரிச்சு வைக்கற குழு) மேப் பண்ணலை, நோவா மேனேஜ்ல டிஸ்கவர் ஹோஸ்ட்ஸ் ஓட்டினதும் சரியாயிடுச்சு. கோல்லா வழியா சேர்த்தா இதை அதுவே பண்ணிடும், அதனாலதான் வேணும்னே கையால சேர்க்க வச்சார்.

கண்டக்டர் கன்டெய்னரை நிறுத்திட்டு விஎம் போட சொன்னதும் நல்லா இருந்துச்சு. ஏபிஐ ரிக்வெஸ்டை வாங்கிக்குது, விஎம் பில்டுலயே நிக்குது, எர்ரரே இல்ல. சர்வீஸ்களுக்கு நடுவுல மெசேஜ் கொண்டு போற ராபிட்எம்க்யூ க்யூவை பார்த்தா மெசேஜ் ஒண்ணு அங்க காத்துட்டு இருக்கு. ஒரு நிமிஷத்துக்குள்ள கண்டக்டரை ஸ்டார்ட் பண்ணினா அந்த விஎம் எதுவுமே நடக்காத மாதிரி ஆக்டிவ் ஆயிடுது. ரொம்ப நேரம் விட்டா கம்ப்யூட் நோடு எல்லாமே டவுன்னு காட்ட ஆரம்பிச்சுடும், ஏன்னா அது உயிரோட இருக்குன்னு டேட்டாபேஸ்ல எழுதறதே கண்டக்டர் வழியாத்தான். காலைல பார்த்த ஸ்லைடுல இதெல்லாம் ஒரு அம்புக்குறியா மட்டும்தான் இருந்துச்சு.

குறைன்னு பார்த்தா, முதல்ல லேப் மெஷின். கொடுத்ததே விஎம், அதுல நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (விஎம்முக்குள்ள விஎம் ஓட்டற வசதி) ஆன் பண்ணலை, அதனால வேகம் கொடுக்கற கேவிஎம் இல்லாம வெறும் க்யூஇஎம்யூல ஓடுச்சு. சிர்ராஸ் மாதிரி குட்டி இமேஜுக்கு பரவாயில்ல, உபுண்டு இமேஜ் போட்டா பூட் ஆகறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். சொன்னதும் மறுநாள் சரி பண்ணிட்டாங்க, ஆனா காசு வாங்கி நடத்தறவங்க முன்னாடியே பார்த்திருக்கணும் இல்லையா.

அடுத்தது கையில கொடுத்த பிடிஎஃப். அதுல கீஸ்டோன் எண்ட்பாயின்ட் 35357 போர்ட்டுல வி2ன்னு இருக்கு. வி2வை 2018ல வந்த குயீன்ஸ் ரிலீஸ்லயே தூக்கிட்டாங்க. விஎம் போட பழைய நோவா கமாண்டு, நெட்வொர்க்குக்கு பழைய நியூட்ரான் கமாண்டு. சார் வாயால சொன்னதெல்லாம் புதுசு, பேப்பர்ல இருக்கறது எல்லாம் பழசு, வீட்டுக்கு வந்து அதை வச்சு பழகறவங்க நல்லா மாட்டிப்பாங்க.

பெரிய ஏமாத்தம் செஃப்தான், பல சர்வர் டிஸ்க்ல டேட்டாவை காப்பி போட்டு வைக்கற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர். கடைசி நாள் மத்தியானம் அவசர அவசரமா ஓட்டினாங்க. மூணு காப்பி வச்சுக்கும், ரெண்டு காப்பிக்கு கீழ போனா எழுதறதையும் படிக்கறதையும் நிறுத்திடும், ஒரு ஓஎஸ்டி (ஒரு டிஸ்க்கை பார்த்துக்கற சர்வீஸ்) விழுந்தா 10 நிமிஷம் பார்த்துட்டு அப்புறம்தான் டேட்டாவை வேற இடத்துக்கு நகர்த்த ஆரம்பிக்கும், 85 சதவீதம் நிறைஞ்சா எச்சரிக்கை, 95ல எழுதறதையே நிறுத்திடும், இவ்வளவும் சொன்னார், ஒண்ணே ஒண்ணு கூட செஞ்சு பார்க்க நேரம் இல்ல. நெட்வொர்க் போனா விஎம் கொஞ்ச நேரம் எட்டாது, அவ்வளவுதான், ஸ்டோரேஜ் போனா கஸ்டமர் டேட்டாவே போச்சு. ஒரு முழு நாள் டிஸ்க்கை பிடுங்கி பிடுங்கி பார்க்க விட்டிருக்கணும், முதல் நாள் காலை ஸ்லைடை குறைச்சிருந்தாலே பாதி நேரம் கிடைச்சிருக்கும்.

அப்கிரேடும் அப்படித்தான். ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ் வரும், 2023.1 ஆன்டிலோப்ல இருந்து ஸ்லர்ப்னு ஒரு வழி இருக்கு, நடு ரிலீஸை விட்டுட்டு வருஷத்துக்கு ஒரு தடவை நேரா தாவிக்கலாம்னு வாய்ப்பேச்சோட முடிஞ்சுடுச்சு. ப்ரொடக்‌ஷன்ல ஆளு ராத்திரி கண்ணு முழிக்கறது இதுக்குத்தான், இதையும் லேப்ல ஓட்டி காமிக்கணும்.

இதுக்கும் மேல, கடைசி நாள் சாயங்காலமே லேப் அக்செஸை கட் பண்ணிட்டாங்க. நாம கஷ்டப்பட்டு கட்டின கிளஸ்டர், நாம எழுதி வச்ச கான்ஃபிக், எல்லாம் உள்ளயே போச்சு. ஒரு ரெண்டு வாரமாவது விட்டு வச்சா என்ன குறைஞ்சுடப் போகுது.

யார் போகலாம்னா, லினக்ஸ்ல ஓரளவு கை பழகி, பிரிட்ஜ், வீலேன், நேம்ஸ்பேஸ் இதெல்லாம் கேள்விப்பட்டவங்க தாராளமா போகலாம். லினக்ஸே புதுசுன்னா வேண்டாம், முதல் நாள் மத்தியானத்துக்கே விட்டுப் போயிடும், எங்க கூட வந்த ரெண்டு தம்பிங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, பாவம். சிஓஏ (சர்டிஃபைட் ஓப்பன்ஸ்டாக் அட்மினிஸ்ட்ரேட்டர்) பரீட்சை எழுதற எண்ணம் இருந்தா இந்த மாதிரி லேப் ரொம்ப உதவும், ஏன்னா அதுவும் செஞ்சு காமிக்கற பரீட்சைதான், டிக் அடிக்கறது இல்ல.

காசு கட்டறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நேரா கேளுங்க: எந்த ரிலீஸ்ல லேப், டெவ்ஸ்டாக்கா கோல்லாவா, ஆளுக்கு எத்தனை நோடு, நெஸ்டட் ஆன்ல இருக்கா, செஃபுக்கு எத்தனை மணி நேரம், முடிஞ்சப்புறம் லேப் எத்தனை நாள் இருக்கும். பதில் மழுப்பினா விட்டுடுங்க. வீட்ல பழகறதுக்கு கோல்லா ஆல் இன் ஒன் 8 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், ரெண்டு நெட்வொர்க் கார்டுன்னு டாகுமென்ட்ல போட்டிருக்கும், 8 ஜிபில ஏறும், ஆனா விஎம் ஒண்ணு ரெண்டு போட்டதும் திணறும், 16 வச்சுக்கங்க. குளோபல்ஸ் ஃபைலையும் பாஸ்வேர்ட்ஸ் ஃபைலையும் ட்ரெய்னிங் முடியறதுக்கு முந்தின நாளே பென் டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க.