எடை நகராமல் நின்றுவிட்டால்: இன்னும் குறைப்பதா, இரண்டு வாரம் நிறுத்துவதா?

முதல் சில மாதங்கள் மளமளவென்று இறங்கிய எடை, ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். ஜிம்மில் இதைப் பிளாட்டோ என்பார்கள். அப்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: சாப்பாட்டை இன்னும் குறை, வாக்கிங் நேரத்தைக் கூட்டு, எடை தூக்கு, டயட்டுக்கு இரண்டு வாரம் லீவு விடு. இவற்றில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது சாப்பாட்டைக் குறைப்பதுதான். நான் கடைசியில் வைப்பதும் அதைத்தான்.

ஒரு வாரம் முள் நகராததையெல்லாம் பிளாட்டோ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கினாலும் உடம்பில் நீர் சேரும். உள்ளே கொழுப்பு குறைந்தாலும் முள் காட்டாது. மூன்று நான்கு வாரம் எடை, இடுப்பளவு இரண்டுமே அசையவில்லை என்றால்தான் உண்மையில் நின்றிருக்கிறது.

ஏன் நிற்கிறது? எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. 90 கிலோவில் பற்றாக்குறையாக இருந்த சாப்பாடு 78 கிலோவில் போதுமானதாகிவிடும். அதோடு நம் கணக்கும் மெல்ல நழுவும். எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. நாளைக்கு 1,000 கலோரி அளவில் சாப்பிடுவதாக எழுதிக் கொடுத்தவர்கள், சராசரியாகச் சாப்பிட்டது அதைப்போல இரண்டு மடங்கு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்தாலே புரியும். தோசைக்கல்லில் சுற்றி ஊற்றுவது, இட்லிப் பொடியைக் குழைக்க விடும் நல்லெண்ணெய், தாளிப்பு எதையும் யாரும் அளப்பதில்லை. ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 45 கலோரி. பொடிக்குக் கண்ணளவில் விடுவதை ஒருமுறை ஸ்பூனால் அளந்து விட்டுப் பாருங்கள்; மூன்று நான்கு ஸ்பூன் சுலபமாகப் போகும். ஒரு வாரம் எண்ணெயை மட்டும் அளந்தாலே சிலருக்கு முள் நகர ஆரம்பித்துவிடும்.

அளந்தும் நகரவில்லையா? சரி, இனி யோசனைகளுக்கு வருவோம்.

இன்னும் குறைப்பது சில வாரம் பலன் தரும். ஆனால் ஏற்கெனவே 1,200 கலோரியில் இருப்பவருக்குக் குறைக்க என்ன மிச்சம் இருக்கிறது? பசி கூடும், தூக்கம் கெடும், தசையும் கரையும். நம்மை அறியாமலே நடமாட்டம் குறைந்து, மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டில் கைவைத்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

வாக்கிங் நல்லதுதான், குறைத்த எடை திரும்ப ஏறாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. பசியெடுத்து இரண்டு வடை தின்றால் அது சரியாகிவிடும். தேக்கத்தை உடைக்க அதை மட்டும் நம்ப மாட்டேன்.

எடைப் பயிற்சியை நான் எல்லாருக்கும் சொல்வேன். டம்பெல் இல்லாவிட்டால் உட்கார்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் போதும், வாரம் இரண்டு மூன்று நாள். முள் உடனே இறங்காது, இடுப்பளவு இறங்கும். கூடவே புரதம் வேண்டும், நம் தட்டில் அதுதான் குறைவு. 100 கிராம் சோற்றில் 3 கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டல், பருப்பு, தயிரைக் கூட்டலாம்.

டயட்டுக்கு லீவு விடுவதுதான் பலரும் நம்ப மறுக்கும் யோசனை. ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள ஆண்களை வைத்து மேட்டடோர் என்ற ஆய்வு நடந்தது. ஒரு குழு 16 வாரம் தொடர்ந்து டயட் இருந்தது. இன்னொரு குழு இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் உடம்பின் தேவைக்குச் சமமான சாப்பாடு என்று மாற்றி மாற்றி, அதே 16 வாரத்தை 30 வாரத்தில் முடித்தது. விட்டு விட்டு இருந்தவர்களுக்குத்தான் அதிக எடை குறைந்தது. அப்புறம் எடைப் பயிற்சி செய்து பழகியவர்களிடம் நடந்த ஐஸ்கேப் ஆய்வில் கொழுப்புக் குறைவில் வித்தியாசம் தெரியவில்லை. பசி மட்டும் இடைவெளி விட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆகவே லீவு விட்டாலே கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் பசியோடு போராடிச் சோர்ந்தவருக்கு, பசி குறைவதே பெரிய விஷயம். டயட்டைக் கைவிடாமல் இருக்க அது உதவும் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான், எடைப் பயிற்சியையும் சேர்த்து.

ஒன்று, இது நினைத்ததையெல்லாம் தின்னும் லீவு இல்லை. இப்போது சாப்பிடும் டயட் சாப்பாட்டோடு மதியம் ஒரு கரண்டி சோறு, மாலையில் ஒரு பழமும் கைப்பிடி கடலையும், அவ்வளவுதான். முதல் வாரத்தில் எடை ஒரு கிலோ வரை ஏறக்கூடும். மாவுச்சத்து உடம்பில் சேரும்போது கூடவே நீரும் சேர்வதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். அதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாளே பட்டினிக்குத் திரும்பிவிடாதீர்கள்.