பின்கோடு பார்க்காமல் ஆளெடுக்க: நான்கு வழிகளும் நான் தேர்ந்த ஒன்றும்

வடசென்னை மாதவரத்தில் ஆன்லைன் ஆர்டர்களுக்குப் பெட்டி கட்டும் குடோன் ஒன்றை நடத்துகிறேன். ரேக்கிலிருந்து சரக்கெடுத்து, ஸ்கேன் செய்து, பேக் பண்ணி, லேபிள் ஒட்டி வண்டியில் ஏற்றும் வேலை. ஆட்கள் அடிக்கடி மாறும் தொழில் என்பதால் ஆளெடுப்பு வருஷம் முழுக்க நடக்கும். சுற்றிலும் கொடுங்கையூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை. அங்கிருந்து வேலை கேட்டு வருகிறவர்களில் பலருக்கு ஏதாவது ஒரு தடை இருக்கும். பத்தாவது முடித்திருக்க மாட்டார்கள், காது கேட்காது, பிள்ளை பிறந்தபின் பல வருஷம் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், திருநங்கையாக இருப்பார்கள், பேரில் கேஸ் இருக்கும். இது எதுவுமே இல்லாதவருக்கும் முகவரி என்ற தடை உண்டு. வியாசர்பாடியின் பின்கோடான 600039 என்று எழுதிய பயோடேட்டா அடுக்கில் கீழே போய்விடும் என்பது இந்தப் பக்கத்தில் வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா வீட்டு முகவரியைக் கொடுத்து வேலையில் சேர்ந்தவர்கள் உண்டு.

எங்களைப் போன்ற இடங்களில் ஆளெடுக்கும் வழி நான்கு. நான் நான்காவது வழியில் இருக்கிறேன், அதையே மற்றவர்களும் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதல் வழி, உள்ளே இருப்பவர் சொல்லி ஆள் வருவது. “அண்ணே, எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், நல்ல பையன்” என்றால் மறுநாள் காலையில் ஆள் வந்து நிற்பார். செலவில்லை, சொன்னவர் பொறுப்பும் ஏற்றுக்கொள்வார். ஆனால் உள்ளே இருப்பவர்களின் தெருவும் சொந்தமுமே திரும்பத் திரும்ப வரும். சொல்ல ஆள் இல்லாதவர் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, கான்ட்ராக்டர். வண்டி காத்து நிற்கும் அவசரத்துக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் யாரைச் சேர்த்தார், யாரைத் திருப்பி அனுப்பினார், கூலியில் எவ்வளவு பிடித்தார் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. நியாயமாக ஆளெடுக்க நினைப்பவருக்கு இது உதவாது.

மூன்றாவது, பயோடேட்டாவும் இன்டர்வியூவும். பார்க்க முறையாக இருக்கும். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு தலித் பெயருக்கு வரவில்லை, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, இனிஷியல்தான். அதனால் பெயர் செய்கிற வேலையை இங்கே பின்கோடும் பள்ளிக்கூடத்தின் பெயரும் செய்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுப் படிக்கலாம். பெரிய அலுவலகங்களுக்கு அது பயன்படும். பெட்டி கட்டும் வேலைக்கு வருகிறவரின் பயோடேட்டாவில் அவற்றை மறைத்தால் மிஞ்சுவது பிறந்த தேதியும் போன் நம்பரும்தான். பிறகு இன்டர்வியூ. நேராக உட்கார்ந்து நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுகிறவர் தேறிவிடுவார். டேப் ஒட்டுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நான்காவது, கூலி கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பது. கேட்டில் ஒரு நோட்டு. பெயர், போன் நம்பர், அவ்வளவுதான். எழுதத் தெரியாதவருக்கு வாட்ச்மேன் எழுதிக்கொடுப்பார். வந்த வரிசைப்படி கூப்பிடுவோம். அரை நாள் வேலை, முழு நாள் கூலி. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகும்போது பணம் கையில். எல்லோருக்கும் ஒரே வேலை: ஆர்டர் சீட்டைப் பார்த்துச் சரியான சரக்கை எடுக்க வேண்டும், பார்கோடு ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும், உள்ளே ஆடாமல் பெட்டி கட்ட வேண்டும். மதிப்பெண் போடும் சூப்பர்வைசருக்கு ஆளின் ஊரும் படிப்பும் தெரியாது. சட்டையில் ஒட்டிய நம்பர் மட்டும்தான் தெரியும்.

சில இடங்களில் “ட்ரையல்” என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அது உழைப்பைத் திருடுவது. கூலி இல்லாத ட்ரையலை நான் சொல்லும் வழியோடு சேர்க்காதீர்கள். அன்று ஏணி, ஃபோர்க்லிஃப்ட் பக்கம் புதியவரை விடவும் கூடாது. இன்னொன்று, ஷிஃப்ட் தொடங்கும் நேரத்திலேயே வரச் சொல்லுங்கள். எண்ணூரிலிருந்து ஒரு அக்கா காலை ஏழு மணிக்கு வந்து சேர முடியுமா, எந்த பஸ், மகளிர் இலவசப் பயணம் உள்ள பஸ்ஸா என்பதெல்லாம் அவருக்கே அன்று தெரிந்துவிடும். பத்து மணிக்குக் கூப்பிட்டால் அது தெரியாது.

அமெரிக்காவில் நியூயார்க் அருகே யாங்கர்ஸில் கிரேஸ்டன் பேக்கரி என்று ஒன்று, 1982இல் தொடங்கியது. பயோடேட்டா, இன்டர்வியூ, பின்னணிச் சோதனை எதுவும் கிடையாது. பட்டியலில் பெயர் எழுதினால் முறை வரும்போது வேலை. நோட்டு என்ற யோசனை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவர்கள் சேர்த்த பிறகு பயிற்சிக் காலம் வைத்துத் தேர்கிறார்கள். அவ்வளவு நாள் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிக்க என்னைப் போன்ற சின்ன குடோனுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அரை நாள் பரீட்சையை முன்னால் வைத்தேன்.

இந்த நான்கில் ஒன்றைத் தேர வைத்தது செலவோ வேகமோ இல்லை. “உன் பேரில் கேஸ் இருக்கா?” என்ற கேள்வி எந்த இடத்தில் வருகிறது என்பதுதான்.

வழக்கமான படிவத்தில் அது முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து போய்விடுவார், இன்னொருவர் “இல்லை” என்று எழுதுவார். எழுதியவர் பின்னால் மாட்டினால், கேஸைவிடப் பொய்தான் பெரிதாகப் பேசப்படும். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், தகவலை மறைத்த அரசு ஊழியர் விஷயத்திலும் வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்றது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஒரு குடோன் முதலாளிக்கு அந்த அளவு நிதானமாவது வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ அடங்கியிருக்கிறது. பதிவானதோடு நிற்கும் எஃப்.ஐ.ஆர். இருக்கும். விடுதலையான வழக்கு இருக்கும். திருவிழாவுக்கு முன்னால் ஸ்டேஷனில் எழுதி வாங்கிய நன்னடத்தைப் பத்திரம் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110ஆம் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 126, 129. அது முன்னெச்சரிக்கை நடவடிக்கை, குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லை. 18 வயதுக்கு முன் நடந்ததென்றால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அதைத் தகுதிக் குறைவாகக் கொள்ளக் கூடாது என்கிறது. 16 தாண்டியவரைப் பெரியவராகக் கருதி விசாரித்த வழக்குக்கு மட்டும் விலக்கு. படிவத்தில் உள்ள ‘ஆம் / இல்லை’ கட்டத்தில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

அப்படியானால் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, அமெரிக்க அனுபவத்தைப் படிக்கும்வரை. நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் அந்தக் கட்டத்தைத் தடை செய்வதற்கு முன்னும் பின்னும் அமண்டா அகன், சோன்யா ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. கட்டம் இருந்த நிறுவனங்களில் வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட 7 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. கட்டத்தை எடுத்தபின் அதே நிறுவனங்களில் அந்த இடைவெளி 43 சதவீதமானது. கேட்க முடியாததை முதலாளிகள் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். இங்கே கேள்வியை மட்டும் எடுத்தால் பின்கோடு பார்த்து ஊகிப்பார்கள். கேஸே இல்லாத வியாசர்பாடிப் பையனுக்கும் சேர்த்துக் கதவடைப்பார்கள்.

அதனால் கேள்வியை எடுத்த இடத்தில் வேறொரு தகவலை வைக்க வேண்டும். அவர் கட்டிய பெட்டி அந்தத் தகவல். வேலையைப் பார்த்து, “வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை வாங்க” என்று சொன்ன பிறகே ஆதார், முகவரி, கேஸ் எல்லாம் கேட்கிறேன். அப்போது எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் பெட்டி கட்டியவர். “பதினெட்டு வயசுல ரேஸ் ஓட்டி ஒரு கேஸ் இருக்கு சார்” என்று அவரே சொல்லும்போது, அதை அந்த வேலையோடு சேர்த்து எடைபோட முடிகிறது. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நிறுவனமே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணத்தை அவரிடம் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறேன்.

இதில் குறைகள் உண்டு. இன்னொரு இடத்தில் வேலையில் இருப்பவர் அரை நாள் லீவு போட்டு வர முடியாது. வேகத்தை அதிகம் எடைபோட்டால் இளைஞர்களே தேறுவார்கள். அதனால் பிழையின்மைக்கே கூடுதல் மதிப்பெண். காது கேளாதவர்களைப் பற்றி எனக்கிருப்பது கொஞ்ச அனுபவம்தான். ஸ்கேனரின் பீப் சத்தத்துக்குப் பதில் பச்சை விளக்கைப் பார்த்தே அவர்கள் வேலையை முடிக்கிறார்கள். பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்ட்டின் சத்தம் கேட்காதென்பதால் நடைபாதைக்கு மஞ்சள் கோடும் திருப்பங்களில் கண்ணாடியும் வைக்க வேண்டியிருந்தது, அது எல்லோருக்குமே நல்லதாகப் போயிற்று. பார்வையற்றோருக்கு இந்தப் பரீட்சையை எப்படி மாற்றுவதென்று இன்னும் வழி காணவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. எங்கள் கேட்டில் ஒட்டியிருப்பது ஒரே ஒரு தாள், அதில் இந்த நோட்டு முறைதான் எழுதியிருக்கிறது. திருநங்கையரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்ற 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியையும் அதே தாளில் சேர்த்திருக்கிறேன்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகள், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்வரலாற்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும். டிரைவர்களை லைசென்ஸ் பார்க்காமல் வண்டியில் ஏற்ற முடியாது. அவர்களுக்கு இன்னும் படிவம்தான். ஆனால் அந்தப் படிவத்திலும் கேஸ் பற்றிய கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றி, ‘ஆம் / இல்லை’ கட்டத்துக்குப் பதில் நடந்ததை எழுத அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன்.